வன்னியில் சைக்கிள் பயணம்: நீரின் வழியைப் பிடித்துக்கொண்டு போங்கள்

கிளிநொச்சியில் அலுவலக வேலை பார்க்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது: அவரிடம் இருப்பது கியர் இல்லாத சாதாரண சைக்கிள், ஓய்வு கிடைப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், கூட வர ஆயத்தமாக இருப்பவர் பதினைந்து வயதுத் தம்பி. கூட வேலை செய்பவர்கள் நீண்ட விடுமுறை வந்தால் எல்லவுக்கும் நக்கிள்ஸ் மலைக்கும் போய்வருகிறார்கள். மலையும் நீர்வீழ்ச்சியும் இல்லாத வன்னியில், வீட்டிலிருந்து சைக்கிளில் புறப்பட்டு அன்றே திரும்பக்கூடிய தூரத்துக்குள், சாகசம் என்று சொல்லத்தக்க பயணம் ஏதாவது உண்டா?

உண்டு. நான் நீர்ப்பாசன வேலைகளோடு நெடுங்காலம் இருந்தவன். குளக்கட்டுகளிலும் வாய்க்கால் கரைகளிலும் சைக்கிளில் திரிந்தே அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்தவன். அந்தப் பழக்கத்தில் முதலில் ஒன்றைச் சொல்வேன்: பார்க்கவேண்டிய இடங்கள் என்று ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு புறப்படாதீர்கள், ஏதாவது ஒரு நீரோட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அது போகும் திசையில் போங்கள். வன்னி நிலம் பார்வைக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் உண்மையில் அது நடுவில் மெல்ல உயர்ந்து கரையோரங்களை நோக்கிச் சரியும் நிலம். கனகராயன் ஆறு வவுனியா வடக்கில் தொடங்கி வடக்கு நோக்கி ஓடிச் சுண்டிக்குளம் களப்பில் விழுகிறது. பேராறு கிழக்கே நந்திக்கடலுக்குப் போகிறது. பாலியாறு மேற்கே பாக்குநீரிணைக் கரைக்குப் போகிறது. ஒவ்வொரு ஆற்றையும் ஒரு பெருங்குளம் மறித்து நிற்க, குளத்திலிருந்து வாய்க்கால்கள் பிரிந்து வயலுக்குப் போக, வயல் முடியும் இடத்தில் புல்வெளியான தரவையும், தரவைக்கு அப்பால் களப்பும், அதற்கும் அப்பால் கடலும் இருக்கின்றன. காடு, குளம், வயல், தரவை, களப்பு என்று ஐந்து வகை நிலத்தை ஒரு நாளில் கடந்துவிடலாம் என்பதும், சரிவு மிகவும் மெல்லியதாக இருப்பதால் அதற்குச் சாதாரண சைக்கிளே போதும் என்பதும் மலைநாட்டில் கிடைக்காத வாய்ப்புகள்.

நீங்கள் கிளிநொச்சியில் இருப்பதால் இரணைமடுவில் தொடங்குவதே சரி. ஏ9 வீதியால் தெற்கே வந்து இரணைமடுச் சந்தியில் கிழக்கே திரும்பினால் குளக்கட்டுக்குப் போய்விடலாம். பெரும்பாலானவர்கள் அங்கே போய், கனகாம்பிகை அம்மனைக் கும்பிட்டு, குளக்கட்டின் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதனால்தான் இரணைமடுவில் ஒன்றும் இல்லை என்ற பேச்சு வருகிறது. காலை வெளிச்சம் வந்தவுடன் குளக்கட்டின் மேல் நில்லுங்கள். ஒரு பக்கம் அலைகரையில் அடுக்கிய கருங்கல்லில் சிற்றலை அடித்துக்கொண்டிருக்கும். நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டு வரிசையாக இருக்கும். மறுபக்கம், உங்கள் காலுக்குக் கீழே, குளத்தின் நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்த நிலத்தில் வயலும் வீடுகளும் தென்னந்தோப்புகளும் பரந்திருக்கும். இவ்வளவு நீரை ஒரு மண்கட்டு தாங்கி நிற்கிறது என்பதை உடம்பால் உணரக்கூடிய இடம் அதுதான். 2018 டிசம்பரில் பெருமழை கொட்டி இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் தாழ்நிலங்கள் எப்படி நீரில் மூழ்கின என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளம் ஏன் அந்த வழியால் போனது என்பது குளக்கட்டின் மேல் நின்று பார்த்தால் யாரும் சொல்லிக்கொடுக்காமலே விளங்கும்.

பிறகு குளத்து நீர் வாய்க்காலுக்கு வெளியேறும் துருசடிக்கு இறங்கி, இடதுகரை வாய்க்காலைப் பிடியுங்கள். வாய்க்காலை ஒட்டிப் பராமரிப்புக்கான கிரவல் பாதை போகும். சில இடங்களில் அது நல்ல பாதையாகவும், சில இடங்களில் மாட்டுவண்டித் தடமாகவும், சில இடங்களில் புல் மூடிய ஒற்றையடிப் பாதையாகவும் மாறிக்கொண்டிருக்கும். கிளைவாய்க்கால் பிரியும் ஒவ்வோர் இடத்திலும் எந்தக் கரையால் போவது என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டும். பிழையான கரையால் போனால் வயல் நடுவே பாதை முடிந்து, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வரம்பால் திரும்ப வேண்டிவரும். சாகசம் என்று நான் சொல்வது இதைத்தான். அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போவது, தெரியாததை உங்கள் காலும் கண்ணும் கொண்டே தீர்ப்பது, அப்படித் தீர்த்துக்கொண்டு உருத்திரபுரத்துச் சிவன் கோயிலடியில் வெளியே வந்து நிற்பது. இடையில் கமக்காரர் எவரையாவது கண்டால் சைக்கிளை விட்டு இறங்கிக் கதையுங்கள். அந்த வாய்க்காலில் எப்போது நீர் விடுவார்கள், எந்த மதகு உடைந்திருக்கிறது, நேற்றிரவு எந்தப் பக்கம் யானை வந்தது என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இல்லாமல் அவர்களிடம் மட்டும் இருக்கும் செய்திகள்.

ஆற்றையே பின்பற்ற விரும்பினால், இன்னொரு ஞாயிறு வலதுகரைப் பக்கமாக முரசுமோட்டைக்கும் கண்டாவளைக்கும் போய், வயல்கள் முடிந்து உவர்நிலம் தொடங்கும் வரை போய்ப் பாருங்கள். நெல்லின் பச்சை மெல்ல வெளிறி, மண் சாம்பல் நிறமாகி, பற்றைகள் குட்டையாகி, கடைசியில் களப்பின் வெறும் வெளி திறக்கும் அந்த மாற்றத்தை மோட்டார் சைக்கிளில் போகிறவர் கவனிக்கவே முடியாது. வாடைக்காலத்தில் வடக்கிலிருந்து வரும் வலசைப் பறவைகள் அந்த ஆழமற்ற நீரில் கூட்டங்கூட்டமாக இறங்கும். சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்ட இடம். ஆகவே, வனஜீவராசிகள் திணைக்களத்தின் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் அனுமதியின்றிப் போகக்கூடாது. வெளியே நின்றே பார்ப்பதற்கு வேண்டிய அளவு இருக்கிறது.

ஒரு குளத்துக்கு ஒருமுறை போய்வந்துவிட்டால் அதைப் பார்த்து முடித்தாயிற்று என்று எண்ணாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காலபோக விதைப்பு முடிந்து, மழை இறங்கி, குளம் நிறைந்து வான் பாயும் மார்கழியில் நீங்கள் பார்ப்பது ஒரு குளம். சிறுபோகத்துக்கு நீர் போய் முடிந்து, குளம் வற்றி ஒதுங்கும் ஆவணி, புரட்டாதியில் பார்ப்பது முற்றிலும் வேறொன்று. நீர் பின்வாங்கிய இடமெல்லாம் பசும்புல் முளைத்து மாடுகள் மேயும். மாதக்கணக்கில் நீருக்குள் நின்ற பட்டமரங்கள் வெளியே வரும். ஈரச்சேற்றின் ஓரத்தில், இரவு நீர் குடிக்க வந்த எல்லாவற்றின் கால்தடமும் பதிந்திருக்கும். மானின் பிளவுபட்ட சிறு குளம்பு, காட்டுப்பன்றியின் பின்விரல் பதிந்த தடம், மயிலின் மூவிரல், சோற்றுத்தட்டைவிடப் பெரிய யானைத்தடம் ஆகியவற்றைத் தம்பிக்குக் காட்டி, எது முதலில் வந்தது, எது எதன் மேல் மிதித்துப் போயிருக்கிறது என்று கேளுங்கள். விளிம்பு கூராக, உள்ளே ஈரம் பளபளக்க இருந்தால் அது அன்றைய விடியற்காலைத் தடம். விளிம்பு உதிர்ந்து வெடித்திருந்தால் பழையது. ஆனால் காய்ந்ததுபோல் தெரியும் சேற்றில் சைக்கிளோடு இறங்கிவிடாதீர்கள். மேலே ஏடு கட்டியிருக்கும்; கீழே முழங்கால் வரை புதையும்.

ஒரு முழு நாள் கிடைத்து, கால்களும் பழகிவிட்ட பிறகு, பேராற்றுப் பக்கம் போகலாம். அதற்குப் புதுக்குடியிருப்பில் உறவினர் வீடோ தெரிந்தவர் வீடோ இருந்தால் முதல்நாள் மாலையே போய்த் தங்கிவிடுவது நல்லது. அங்கிருந்து ஒட்டுசுட்டான் வீதியால் புறப்பட்டால் வழியில் கற்சிலைமடு வரும். வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனை 1803 அக்டோபர் 31ஆம் திகதி கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்த இடம் என்று ஆங்கிலேயர் கல் நட்டது இங்கேதான். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், ஆகஸ்ட் 25ஆம் திகதி, பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியிருந்தான். பள்ளிக்கூடத்தில் திகதியாகப் படித்த அந்த இரு நிகழ்வுகளுக்கும் இடையில் எவ்வளவு காடு, எவ்வளவு மணல், எத்தனை ஆற்றுக்கடவை என்பதை, அன்றைய உங்கள் பயணம் முல்லைத்தீவுக் கடற்கரையை நெருங்கும்போது கால்வலி சொல்லித்தரும். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் இளைப்பாறி, முத்தையன்கட்டுக் குளத்துக்குப் போய்வாருங்கள். இரணைமடுவின் திறந்த வெளிக்கு மாறாக, இங்கே காடு குளத்தின் அருகே வந்து நிற்கிறது. ஆற்றோரத்து மருதமரங்களின் அடியில் நண்பகலிலும் குளிர்ச்சி இருக்கும். பிறகு முள்ளியவளை, வற்றாப்பளை வழியாக நந்திக்கடல் கரைக்கு வந்து, வட்டுவாகல் பாலத்தைக் கடந்து புதுக்குடியிருப்புக்குத் திரும்பினால் சுற்று முடியும். முத்தையன்கட்டுக்குப் போய்வருவதையும் சேர்த்தால் 70 கிலோமீற்றருக்குக் குறையாமல் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வட்டுவாகல் பாலம் ஒடுங்கியது. எதிரே வாகனம் வந்தால் அது கடந்துபோகும் வரை இக்கரையிலேயே நில்லுங்கள்.

பாலத்துக்கு அப்பால் வருவது முள்ளிவாய்க்கால். 2009இல் அந்த மணலில் நடந்ததை நமக்குள் நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பகுதியை வேகமாக மிதித்துக் கடந்துவிட வேண்டாம். ஓரிடத்தில் இறங்கி, தம்பிக்கு நீங்கள் அறிந்ததைச் சொல்லுங்கள். பயணத்தில் அதற்கென்று நேரம் ஒதுக்கியே புறப்பட வேண்டும் என்பது என் எண்ணம்.

மேற்குப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாங்குளத்திலிருந்து மல்லாவி வழியாக வவுனிக்குளத்துக்குப் போகும் பாதை நிழலும் ஊரும் மாறிமாறி வரும் அமைதியான பாதை. முதன்முதலாக நீண்டதூரம் போகிறவர்களுக்கு உகந்தது. பரந்தனிலிருந்து பூநகரிக்கு ஏறத்தாழ 25 கிலோமீற்றர். பூநகரிக் கோட்டையையும் 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தையும் பார்க்கலாம் என்றாலும், அந்த வழியில் நிழல் மிகக் குறைவு. மன்னார்ப் பக்கத்துக் கட்டுக்கரைக் குளமும், 2010இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயமும் மிகச் சிறந்தவை. ஆனால் கிளிநொச்சியிலிருந்து ஒரு நாளில் சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம் அல்ல.

இனி, இந்த மண்ணில் சைக்கிளோடு போகிறவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியவை. முதலாவது மிதிவெடி. இலங்கை 2017இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. பெரும் பகுதிகள் துப்புரவாக்கப்பட்டு மக்களிடம் கையளிக்கப்பட்டுவிட்டன. ஆயினும் வன்னியில் எந்தக் காட்டையும், எந்தக் கைவிடப்பட்ட காணியையும் நூறு வீதம் பாதுகாப்பானது என்று எண்ணிக்கொண்டு நுழையக்கூடாது. மண்டையோட்டுச் சின்னமிட்ட சிவப்புப் பலகையும் சிவப்பு அடையாளக் கட்டைகளும் கண்டால் திரும்பிவிடுவது எல்லாருக்கும் தெரியும். பலகை இல்லாத இடத்தில்தான் கவனம் தேவை. என் விதி எளிமையானது: அண்மையில் மாட்டுவண்டியோ உழவு இயந்திரமோ சைக்கிளோ போன தடம் தெரியாத பாதையில் சில்லு வைக்கமாட்டேன். இயற்கைக் கடனுக்குக்கூடப் பற்றைக்குள் நுழைய வேண்டாம், பாதையோரமே போதும். பழைய பதுங்குகுழி, மண் அணை, துருப்பிடித்த இரும்பு எதையும் தொடவேண்டாம் என்பதைத் தம்பிக்குப் புறப்படுமுன்பே சொல்லிவையுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகளின் கை சும்மா இருக்காது. பெருவெள்ளம் போன பின் முதல் சில வாரங்கள் கூடுதல் கவனம் வேண்டும், ஏனெனில் நீர் மண்ணை அரித்து, புதைந்து கிடந்தவற்றை வெளியே கொண்டுவந்து வேறிடத்தில் விட்டுவிடக்கூடும். ஐயத்துக்கிடமான பொருள் கண்டால் வந்த தடத்தாலேயே திரும்பிப் பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

இரண்டாவது யானை. சைக்கிளின் பெரிய நன்மை அது சத்தமில்லாதது. அதனால்தான் மயிலும் மானும் நம்மைக் கண்டு ஓடாமல் நிற்கின்றன. யானை விடயத்தில் அதே அமைதிதான் ஆபத்து. மோட்டார் வாகனம் தொலைவிலேயே கேட்கும், யானை ஒதுங்கும். சைக்கிள் அதன் அருகே வந்த பிறகே அதற்குத் தெரியும். திடுக்கிட்ட யானை முன்னே பாயும். ஆகவே காட்டுப் பகுதியில் வளைவுகளுக்கு முன் மணி அடியுங்கள், உரக்கக் கதைத்துக்கொண்டு போங்கள், வெளிச்சம் நன்றாக வரும்வரை உள்ளே போகாதீர்கள், மாலை நான்கு மணிக்கெல்லாம் காட்டை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஆவி பறக்கும் இலத்தி, பாதையில் புதிதாக முறிந்து விழுந்த கிளை, பட்டை உரிந்து பால் வடியும் மரம் ஆகியவற்றில் ஏதேனும் கண்டால் அன்றைக்கு அந்தப் பாதை உங்களுடையது அல்ல. பாலைப்பழக் காலத்தில் இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள்: பாலையும் வீரையும் பழுத்துச் சொரியும் காட்டுக்குக் கரடியும் பழம் தின்ன வரும். பழம் வேண்டுமென்றால் வீதியோரத்தில் விற்பவர்களிடம் வாங்கித் தின்னுங்கள். நீரில் இறங்குவதாயின் ஊர்மக்கள் குளிக்கும் துறையில் மட்டும் இறங்குங்கள். நம் குளங்களில் முதலை உண்டு.

வெயிலைவிட வன்னியில் சைக்கிளோட்டியைக் களைக்கச் செய்வது காற்று. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோழகம் அடிக்கும். கார்த்திகைக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வாடை. போகும்போது காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வரும் விதமாகத் திசையைத் தெரிவுசெய்யுங்கள். சோழகக் காலத்தில் கிளிநொச்சியிலிருந்து தெற்கே இரணைமடுவுக்கும் மாங்குளத்துக்கும் போவது இந்த விதிக்குப் பொருந்தும். கண்டாவளைப் பக்கம் வாடைக்காலத்துக்கு நல்லது, பறவைகளும் அப்போதுதான் வருகின்றன. காலையில் காற்று அடங்கியிருக்கும். பத்து மணிக்குப் பிறகு எழும். காலையில் எளிதாக முன்காற்றில்லாமல் கடந்த தூரத்தை நம்பி மேலும் மேலும் போய்விட்டு, மதியம் எதிர்க்காற்றில் திரும்ப முடியாமல் நிற்பவர்கள் பலர்.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. புதிதாக வாங்கவேண்டாம். இருப்பதன் பிரேக்கைச் சரிபார்த்து, கிரவலுக்கு ஏற்றபடி பின்ரயர் நல்ல கட்டையுள்ளதாக இருக்கச் செய்யுங்கள். கரியர் இருப்பது பெரிய வசதி. ஆனால் ரியூப் ஒட்டத் தெரியாமல் வாய்க்கால் பாதையில் இறங்கவேண்டாம், ஏனெனில் நெருஞ்சியும் உடைமுள்ளும் எங்கும் கிடக்கின்றன, சைக்கிள் கடையோ சந்தியில்தான் இருக்கும். ஒரு சிறிய பம், இரண்டு ரயர் லீவர், ஒட்டுத்துண்டு, சொலூசன், உரைக்கும் தாள் இவ்வளவும் ஒரு சீலைப்பையில் அடங்கும். ரயரின் ஒரு பக்கத்தைக் கழற்றி, ரியூபை வெளியே இழுத்துக் காற்றடித்து, வாய்க்கால் நீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்த்திக்கொண்டு வாருங்கள்; குமிழி வரிசையாக எழும் இடம்தான் ஓட்டை. அதைக் குறித்து, துடைத்து, வெயிலில் நன்றாக உலரவிட்டு, தாளால் உரைத்து, சொலூசனை மெல்லியதாகப் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்திருந்து, பிறகு துண்டை வைத்து அழுத்துங்கள். பலர் பூசிய கையோடு ஒட்டிவிடுவார்கள். அது அரைக் கிலோமீற்றரில் பிரிந்துவிடும். ரியூபைத் திரும்ப உள்ளே போடுமுன் ரயரின் உட்புறத்தை விரலால் மெதுவாக ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். குத்திய முள் இன்னும் அங்கேயே இருக்கும், அதை எடுக்காமல் பூட்டினால் இரண்டாவது ஓட்டை உறுதி. இதை வீட்டு முற்றத்தில் தம்பியும் நீங்களும் ஆளுக்கொரு முறை செய்துபழகுங்கள்.

ஆளுக்கு இரண்டு லீற்றர் நீருக்குக் குறையாமல் கட்டுங்கள். குளத்து நீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்கவேண்டாம். புளிச்சாதமோ பிட்டோ கட்டிக்கொண்டு போனால் கடை தேடி வீதிக்கு வரவேண்டிய தேவை இல்லை. ஏ9 வழியாகத் திரும்புகிறவர்கள் முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, வறுத்த கச்சான் ஒரு சுருள் வாங்கிக் கொறித்துக்கொண்டு வரலாம். எந்த வழியால் போய் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள், ஏனெனில் காட்டுக்குள் கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காத இடங்கள் உண்டு. சமிக்ஞை உள்ள இடத்தில் விபத்து நேர்ந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச நோயாளர் காவு வண்டி வரும். முகாம்களுக்கு அருகே படம் எடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

வரும் ஞாயிறு காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு இரணைமடுக் கட்டுக்குப் போய், இடதுகரையால் இறங்கி, உருத்திரபுரம் வழியாகப் பத்து மணிக்கு வீடு வந்து சேருங்கள். அந்தச் சுற்றில் நீங்கள் தவறவிட்ட கிளைவாய்க்கால்களை ஒரு கொப்பியில் வரைந்துவையுங்கள். அடுத்த ஞாயிறு எந்தக் கரையால் போகவேண்டும் என்பதை அந்தப் படத்தைப் பார்த்துத் தம்பி முடிவெடுக்கட்டும்.